எல்லைப்புற மாணவர்க்குக் கல்வி, தொழில் வழிகாட்டல்

(நெய்யாற்றின்கரை வட்டம் குன்னத்துகாலில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறிக் கேரளத்தில் இறங்கினேன். வழியில் மொழி மாறவில்லை, பேச்சு மாறவில்லை, சாலையோரத்து ரப்பர் மரங்களும் மரச்சீனிக் காடுகளும் மாறவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று நிலம் பிரிந்ததேயன்றிக் குடும்பங்கள் பிரியவில்லை. தாயின் வீடு காரக்கோணத்திலும் தந்தையின் வீடு களியக்காவிளைக்கு அப்பாலுமாக உள்ள குழந்தைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் பலர். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று ஒரு பிள்ளையை அக்கரைப் பள்ளிக்கு மாற்றுவது இங்கே குடும்பத்துக்குள் முடிந்துவிடும் செய்தி.

ஆனால் அந்த எல்லைக்கோடு ஓரிடத்தில் மட்டும் மிக ஆழமாக ஓடுகிறது. அது பள்ளிப் பதிவேடு. அதனைப் பற்றியும், அதனோடு இணைந்த கல்வி, தொழில் வழிகாட்டல் பற்றியும் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் தொழிலை முடிவு செய்ய வேண்டியதில்லை. எந்த வாயில் எப்போது திறக்கிறது, எப்போது அடைபடுகிறது என்பதை மட்டும் அக்குழந்தையும் அதன் பெற்றோரும் உரிய காலத்தில் அறிந்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புக்குப் பின்

2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு அச்சட்டம் உரிமை வழங்குகிறது. எட்டாம் வகுப்போடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதன் விளைவைப் புள்ளிவிவரங்களில் காணலாம். 2021-22-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான மொத்தச் சேர்க்கை விகிதம் உயர் தொடக்க நிலையில் 94.7 விழுக்காடு, உயர்நிலையில் 79.6, மேல்நிலையில் 57.6. படிக்கட்டு ஏற ஏறக் கூட்டம் குறைகிறது. கேரளமும் தமிழ்நாடும் இந்தச் சராசரியை விட மேலான நிலையில் உள்ளன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இவ்விரு மாநிலங்களிலும் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். எதை நோக்கி இருக்கிறார்கள் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 6 முதல் 8 வரை நடுநிலை வகுப்புகள். கேரளத்திலோ 5 முதல் 7 வரை உயர் தொடக்க வகுப்புகள். எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளி தொடங்கிவிடுகிறது. ஆகவே எந்தப் பள்ளி, எந்தப் பயிற்று மொழி, எந்த மாநிலம் என்னும் முடிவுகளைக் குன்னத்துகால் பெற்றோர், அக்கரைப் பெற்றோரை விட ஓராண்டு முன்னதாகவே எடுக்க வேண்டியிருக்கிறது.

அறியாமையின் விலை

என் குடும்பத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். என் அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். கைவேலையில் வல்லவர். ஊரில் எந்தப் பம்புசெட் நின்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. எட்டாம் வகுப்பு முடித்தவரை ஒயர்மேன் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது தேர்வில் தவறியவர்கள் போகும் இடம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். அண்ணன் முப்பது ஆண்டுகள் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தார். உரிமச் சான்றிதழ் இல்லாததால் வேலையை அவர் செய்வார். தாளில் கையெழுத்தை வேறொருவர் இடுவார். கூலியில் பெரும்பங்கு கையெழுத்துக்கே போயிற்று. பொருளாதாரத்தில் நான் பிற்காலத்தில் படித்த பாடங்களில் எதுவும் அந்தக் கையெழுத்தைப் போல என் மனத்தில் பதியவில்லை.

ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் வேறு வழியின் பயனைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர். வேறு வழி இருப்பதே தெரியாதவர் அந்தச் செலவைக் கணக்கிடவும் இயலாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அதனைச் செலுத்திக்கொண்டே இருப்பார்.

இது வெறும் அனுபவக் கூற்றன்று. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலர் டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே மேற்கொண்ட ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. மேற்படிப்பால் வருமானம் எவ்வளவு உயரும் என்பதை அம்மாணவர்கள் உண்மையை விட மிகக் குறைவாக எண்ணியிருந்தனர். உண்மை நிலையை எடுத்துக் கூறப்பட்ட மாணவர்கள், அடுத்த நான்கு ஆண்டுகளில், கூறப்படாதவர்களை விடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தனர். சிறிய தகவலுக்கு இது பெரிய பயன். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. மிக வறிய வீட்டுப் பிள்ளைகளிடம் எண்ணம் மாறியது, படிப்பு நீளவில்லை. செலவுக்குப் பணம் இல்லை. எனவே தகவலும் உதவித்தொகையும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது தெளிவாகிறது.

கொள்கைகளும் நடைமுறையும்

வழிகாட்டல் நம் நாட்டுக்குப் புதியதன்று. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1952-53-ஆம் ஆண்டுகளிலேயே பல்நோக்குப் பள்ளிகளையும் மாணவர்க்கு வழிகாட்டும் ஏற்பாடுகளையும் பரிந்துரைத்தது. 1954-இல் மத்தியக் கல்வி, தொழில் வழிகாட்டல் பணியகம் அமைக்கப்பட்டது. 1964-66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு 10+2+3 என்னும் அமைப்பை வகுத்தது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. கேரளத்தில் தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவு 1983-84-இல் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 10 விழுக்காட்டினரை 1990-க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995-க்குள்ளும் தொழிற்பாடங்களுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது.

அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2012-17-ஆம் ஆண்டுகளுக்கான பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 19 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியத் தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. செருமனியில் அது 75 விழுக்காடு. தென் கொரியாவில் 96 விழுக்காடு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே இதனை எடுத்துக்காட்டுகிறது.

ஏன் இந்த நிலை? நிதிப் பற்றாக்குறை ஒரு காரணம். தொழிற்கல்வி பெற்றோருக்கு மேற்படிப்பு வாயில்கள் நெடுங்காலம் குறுகியிருந்தது மற்றொரு காரணம். ஆனால் நான் தலையாய காரணமாகக் கருதுவது வேறு. வழிகாட்டல் என்று நாம் செய்வதெல்லாம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பின்னரே செய்யப்படுகிறது. மதிப்பெண் குறைந்தவரை அழைத்து, உனக்கு இதுதான் கிடைக்கும் என்று சொல்வது ஆறுதல் கூறுவதாகுமே தவிர வழிகாட்டல் ஆகாது. அவ்வாறு காட்டப்படும் எந்தப் பாதையும் தோற்றவர் பாதை என்றே பெயர் பெறும். என் அண்ணனுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் அப்படித்தான் அறிமுகமாயிற்று.

எந்த வாயில் எப்போது?

கேரளத்துப் பள்ளியில் பயிலும் ஒரு குழந்தைக்கு இந்த வாயில்கள் எவ்வாறு வரிசையாக வருகின்றன என்று பார்ப்போம்.

ஏழாம் வகுப்பு: கேரளத்தின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகள் எட்டாம் வகுப்பில்தான் மாணவரைச் சேர்க்கின்றன. பத்தாம் வகுப்பில் கேட்டுப் பயனில்லை. மேலும், ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. அதனை அடுத்துக் கூறுகிறேன்.

எட்டாம் வகுப்பு: 2008-இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய்வழி-தகுதி உதவித்தொகைத் திட்டத்தின் தேர்வை எழுதும் வகுப்பு இதுவே. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவருக்கு உரியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 இலட்ச ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேர்ச்சி பெற்றால் 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். செங்கற்சூளையில் வேலை செய்யும் ஒரு தாய்க்கு இத்தொகை, மகளின் படிப்பை நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையிலான வேறுபாடாக அமையலாம். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தவறவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் அதனை எழுத இயலாது.

பத்தாம் வகுப்பு: இங்கிருந்து நான்கு பாதைகள் பிரிகின்றன. முதலாவது, பொதுப் பிளஸ் டூ. கேரளத்தில் இதில் 40-க்கும் மேற்பட்ட பாடத்தொகுதிகள் உள்ளன. இரண்டாவது, தொழிற்கல்விப் பிளஸ் டூ. மூன்றாவது, மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம். அருகிலேயே நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக் உள்ளது. நான்காவது, தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. போன்ற நிலையங்களின் தொழிற்பயிற்சி. சில தொழிற்பிரிவுகளுக்கு இன்றும் எட்டாம் வகுப்பே போதும்; பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

இப்பாதைகள் ஒன்றோடொன்று இணைகின்றன என்பதைப் பெற்றோருக்கு அழுத்தமாகக் கூற வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் உரிய தகுதிகளோடு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொழில் கற்பவருக்கு மேலே செல்லும் ஏணி இல்லை என்பது பழங்கதை.

எளிதில் திரும்ப முடியாத இடமும் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் எடுக்கும் பாடத்தொகுதி அதுவே. கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பொறியியலின் பெரும்பாலான பிரிவுகளை நாட முடியாது; உயிரியல் இல்லாமல் மருத்துவம் சார்ந்த படிப்புகளை நாட முடியாது. கணக்கு வராது என்று ஒரு பெண் குழந்தைக்கு ஆறாம் வகுப்பில் சொல்லப்படும் சொல், பதினோராம் வகுப்பில் பாதி வாயில்களை அடைத்துவிடுகிறது. ஆகவே நடுநிலை வகுப்பில் கணிதத்தைக் கைவிடாதிருக்கச் செய்வதே ஆசிரியர் செய்யக்கூடிய முதல் தொழில் வழிகாட்டல்.

எல்லையின் விதிகள்

இனி, தொடக்கத்தில் கூறிய பள்ளிப் பதிவேட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. 2021-இல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் மாணவர்களுக்கெனத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே 6 முதல் 12 வரை என்னும் அளவுகோலையே கொண்டு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வழங்க வகுக்கப்பட்டன. பொறியியல் கலந்தாய்விலும் 8 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பது இருப்பிடத் தகுதியைத் தீர்மானிக்கிறது.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். விளவங்கோட்டுப் பக்கத்துப் பெண் குழந்தை ஒருத்தி ஆறாம் வகுப்பை அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறாள். தாய்க்கு உடல்நலமில்லை, இரண்டு ஆண்டுகள் காரக்கோணத்தில் தாய்மாமன் வீட்டிலிருந்து கேரளப் பள்ளிக்குப் போகிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஊர் திரும்புகிறாள். நன்றாகப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கிறாள். விண்ணப்பம் நிரப்பும் நாளில், இடையில் விட்ட அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வியை ஆறாண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டும். குடும்பம் அப்போதும் அதே முடிவை எடுத்திருக்கலாம். தாயின் உடல்நலம் பெரிதுதான். ஆனால் விலையை அறிந்து எடுத்திருக்கும்.

மொழியும் இதில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. கேரளத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. ஒன்பதாம் வகுப்பில் எல்லை தாண்டும் குழந்தை, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் ஒரு மொழியையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கலாம். இடஒதுக்கீட்டுக்கான சமூகப் பட்டியல்களும் இரு மாநிலங்களிலும் ஒன்றாக இல்லை. ஆகவே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் எந்தப் பெற்றோரிடமும், கையெழுத்திடுவதற்கு முன், தலைமையாசிரியர் கால் மணி நேரம் பேச வேண்டும்.

கண்முன் உள்ள தொழில்கள்

ஆறாம் வகுப்புக் குழந்தையிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், மருத்துவர், ஆசிரியர், காவல் அதிகாரி என்னும் மூன்று நான்கு விடைகளே வருகின்றன. குறை குழந்தையினுடையதன்று. உங்கள் பஞ்சாயத்திலேயே, எவரெஸ்ட் ஏற முயன்றவரும் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றியவருமான டாக்டர் சாமர்வெல் நினைவாக அமைந்த மருத்துவக் கல்லூரி காரக்கோணத்தில் இருக்கிறது. அங்கே வெள்ளை அங்கி அணிந்தவரைக் குழந்தை பார்க்கிறது. இரத்தம் பரிசோதிப்பவர், ஊடுகதிர்க் கருவியை இயக்குபவர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர் ஆகியோரை அது பார்ப்பதில்லை.

இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாலராமபுரத்துக் கைத்தறி உண்டு. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நெசவாளர் வளர்த்த தொழில் அது. பத்தாம் வகுப்புக்குப் பின் கைத்தறித் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டுப் பட்டயம் அளிக்கும் நிறுவனங்கள் சேலத்திலும் கண்ணூரிலும் உள்ளன. அதே வட்டத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே உள்ளூர்ப் பெண்களும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து தானியங்கிப் பளுதூக்கிகளை இயக்குகின்றனர். பத்தாண்டுகளுக்கு முன் இந்தத் தொழிலின் பெயரை இவ்வட்டத்துப் பெண் குழந்தை எவளும் சொல்லியிருக்க முடியாது. இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர் வேலைக்கு வரும்போது எவ்வெத் தொழில்கள் இருக்கும் என்று நாமும் சொல்ல முடியாது. ஒரே தொழிலைக் குறிவைத்துக் குழந்தையை வளர்ப்பது அறிவுடைமையாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வழிகாட்டல் தரம் பிரிப்பதாக மாறிவிடக் கூடாது. ரப்பர் பால் வெட்டுபவரின் மகனுக்கு ஐ.டி.ஐ., அலுவலரின் மகளுக்கு நீட் தேர்வு என்று நாமே மனத்துக்குள் எழுதிக்கொண்டு ஆலோசனை கூறுவோமானால், ஆலோசனை கூறாதிருப்பதே நன்று. பின்லாந்து நாடு 1970-களில் தன் பள்ளிகளைச் சீர்திருத்தி, மாணவரை வெவ்வேறு பாதைகளில் பிரிக்கும் வயதை 11-இலிருந்து 16-க்குத் தள்ளிவைத்தது. பிறப்பு ஒருவரின் படிப்பை முடிவு செய்வதைக் குறைப்பதே அதன் நோக்கம். நடுநிலை வகுப்பில் நம் வேலையும் வாயில்களைக் காட்டுவது. யாரையும் ஒரு வாயிலுக்குள் தள்ளுவதன்று.

செய்யத்தக்கவை

பெரும் நிதி தேவைப்படாத நான்கு செயல்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

1. ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பு முடிவில் மாணவருக்கென ஒரு வழிகாட்டிப் பதிவேடு தொடங்கலாம். ஆண்டுதோறும் குழந்தைக்கு விருப்பமானவை, வலிமையான பாடங்கள், எழுத வேண்டிய உதவித்தொகைத் தேர்வுகள், பெற வேண்டிய வருமான, சமூகச் சான்றிதழ்கள் ஆகியவை அதில் இடம்பெறட்டும். குழந்தை பள்ளி மாறினால் பதிவேடும் உடன் செல்லட்டும்.

2. புத்தகப் பையின்றிப் பள்ளிக்கு வரும் பத்து நாட்களை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2020-ஆம் ஆண்டுக் கொள்கை பரிந்துரைக்கிறது. அக்கொள்கை பற்றிய கருத்து வேறுபாடுகள் எவ்வாறாயினும், இந்த யோசனையை எந்தப் பள்ளியும் ஏற்கலாம். காரக்கோணம் மருத்துவமனையின் ஆய்வுக்கூடம், தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யின் பணிமனை, பாலராமபுரத்துத் தறி ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் பார்த்துவிடலாம்.

3. எல்லையின் இருபுறத்துத் தலைமையாசிரியர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடி, இரு மாநில விதிகளையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். விதிகள் மாறுபவை, ஆதலால் தாளும் ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களின் தகவல்களும் அதில் சேரட்டும். இங்குள்ள அக்ஷயா மையத்திலும் அங்குள்ள இ-சேவை மையத்திலும் அத்தாளை ஒட்டி வைக்கலாம்.

4. பெற்றோர் கூட்டத்தைப் பகலில் வைத்தால் கூலி வேலைக்குச் செல்வோர் வர இயலாது. குடும்பஸ்ரீ அயற்கூட்டங்கள் கூடும் நேரத்தில், அவர்கள் கூடும் இடத்துக்கே ஓர் ஆசிரியர் சென்று பேசுவது சாலச் சிறந்தது.

நண்பர்களே, அணைக்கும் சாலைக்கும் பல கோடி ரூபாய் ஒதுக்கி அவற்றின் பயனை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்க்கிறோம். ஏழாம் வகுப்புக் குழந்தையின் வீட்டில் அரை மணி நேரம் அமர்ந்து பேசுவதை எந்தத் திட்டத்திலும் முதலீடு என்று எழுதுவதில்லை. அதன் பலனும் பத்தாண்டு கழித்தே தெரியும். என் அண்ணன் இன்றும் தாம் மின்கம்பி இழுத்த வீடுகளைச் சாலையில் போகும்போது சுட்டிக்காட்டுவார். எந்த வீட்டுத் தாளிலும் அவர் பெயர் இல்லை. இப்பள்ளியிலிருந்து செல்லும் குழந்தைகள் தாம் செய்யும் வேலையின் கீழ்த் தம் பெயரைத் தாமே எழுதும் நிலையை அடையட்டும். அதற்கான தொடக்கம் வரும் கல்வியாண்டிலேயே, இந்த ஊரிலேயே நிகழட்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.